29சி: ஊர் ஏக்கம் பற்றிச் சில குறிப்புகள்

தமிழில் ஊர் நினைவுக்குப் பஞ்சமே இல்லை. கண்மாய், வேப்பமரம், திண்ணை, ஆச்சி சுட்ட பணியாரம், தேர்முட்டி, கோயில்கொடை என்று இந்தச் சாமான்கள் நம் நாவல்களிலும் தன்வரலாற்றுக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கின்றன. வாசித்து நெகிழ்கிறவர் நகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர். எழுதியவரும் பெரும்பாலும் அப்படித்தான். இந்த நெகிழ்ச்சியைப் பற்றி நம் விமர்சனம் இரண்டு வகையாகப் பேசிவந்திருக்கிறது. ஒன்று, ‘மண்வாசனை’ என்று மெச்சுவது. மற்றது, ‘நிலவுடைமை மனோபாவம்’ என்று ஒரே போடாகப் போட்டு மூடிவிடுவது. எனக்கு இரண்டிலுமே திருப்தியில்லை. ஏக்கம் தனிமனித மனசுக்குள் மட்டும் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. அது எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, யார் யாருக்கு எதைப் பிடித்துத் தொங்கக் கிடைக்கிறது என்று கேட்டாக வேண்டும். தொங்குவது என்கிற வார்த்தையை வேண்டுமென்றேதான் போடுகிறேன். எனக்குக் கிடைத்தது ஒரு பஸ்ஸின் கம்பி.

பெங்களூருக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. மொழிபெயர்ப்பு வேலை. சென்னை என்று யாராவது சொன்னால் எனக்கு மெரினா ஞாபகம் வருவதில்லை, பிறந்து வளர்ந்த ஓட்டேரி வீடுகூட உடனே வருவதில்லை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற 29சியும், அதற்குள் கைமாறிக் கைமாறிப் பின்னால் போகிற ஒரு பத்து ரூபாய் நோட்டும்தான் வருகிறது. மனுஷன் தன் வீட்டுக்கு ஏங்குவான், தெருவுக்கு ஏங்குவான். டவுன் பஸ்ஸுக்கு எவனாவது ஏங்குவானா என்று இங்கே ஒரு நண்பர் கேட்டார். அவர் பண்ருட்டிப் பக்கம், முந்திரித் தோப்பு இருக்கிறது. அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதினால் என்ன என்று தோன்றியது.

முதலில் சொல்லின் கதை. ‘நாஸ்டால்ஜியா’ என்று நாம் சர்வசாதாரணமாகப் புழங்குகிற சொல் பண்டைய கிரேக்கத்தில் இருந்ததில்லை. 1688இல் பாசல் பல்கலைக்கழகத்தில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உண்டாக்கிய சொல் அது. வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து ஒட்டினார். அவருக்கு அது உண்மையிலேயே ஒரு நோய். அந்நிய மண்ணில் கூலிக்குப் போர் செய்த ஸ்விஸ் சிப்பாய்கள், வெளியூரில் வேலைக்கும் படிப்புக்கும் போனவர்கள் இவர்களுக்குக் காய்ச்சலும் மனச்சோர்வுமாக வருகிற நோய். கடைசி மருந்து ஊருக்குத் திருப்பி அனுப்புவது. கவனியுங்கள், இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது கூலிக்காக இடம்பெயர்ந்த உடம்புகளில். அது கவிஞர்களின் சொத்தானது பிற்பாடுதான். நம்மூரில் அது நேராகக் கவிஞர்களிடமே வந்துசேர்ந்ததால், கூலிக்கும் ஏக்கத்திற்கும் உள்ள உறவு நம் கண்ணிலிருந்து நழுவிப் போய்விட்டது.

சோவியத் லெனின்கிராடிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் இதைப் பற்றி ஒரு முக்கியமான நூல் எழுதினார். ஏக்கத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். இழந்த வீட்டை இருந்தது இருந்தபடி மறுபடி கட்டிவிடத் துடிக்கிற ஏக்கம் ஒன்று. அதை மீட்பு ஏக்கம் என்று வைத்துக்கொள்வோம். அது தன்னை ஏக்கம் என்றே சொல்லிக்கொள்வதில்லை, மரபு என்றும் உண்மை என்றும் சொல்லிக்கொள்ளும். கொடி, நினைவுச்சின்னம், பொற்காலம் எல்லாம் அதன் தளவாடங்கள். இன்னொன்று, திரும்ப முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே அந்த வலியிலேயே நின்று யோசிக்கிற ஏக்கம். உடைசல்களைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்க்கிற ஏக்கம். பாய்மின் இந்தப் பிரிவு உபயோகமானதுதான். ஆனால் இரண்டு வகையிலும் ஒரு விஷயம் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது: இழப்பதற்கு முதலில் ஒரு வீடு இருந்தது என்பது. நம் நிலைமையில் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால் தமிழில் ‘ஊர்’ என்பது முழு இடத்தின் பெயரில்லை. ஊர் என்றால் ஊர். சேரி என்றால் சேரி, இன்றைய பேச்சில் காலனி. ‘ஊருக்குள்ள போறேன்’ என்று காலனிக்காரர் சொல்லும்போது அந்த ஒற்றைச் சொல்லிலேயே புவியியல் முழுக்க அடங்கிவிடுகிறது. என் தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரம்பூர் பின்னி மில்லுக்கு வேலைக்கு வந்தவர். சாகிறவரை ஒரு தடவைகூட ஊருக்குப் போனதில்லை. சின்ன வயசில் லீவுக்கு எல்லாப் பையன்களும் ஊருக்குப் போகிறார்களே, நாம் ஏன் தாத்தா போவதில்லை என்று கேட்டேன். “நாம ஊர்லேருந்து வர்ல நைனா, ஊருக்கு வெளியிலேருந்து வந்தோம்” என்றார். அவர் வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. கணக்கைத் திருத்துகிற குரலில்தான் சொன்னார். 1996இல் மில்லும் மூடப்பட்டது. ஆக, அவருடைய பேரனுக்கு ஏங்குவதற்கு ஊரும் இல்லை, மில்லும் இல்லை. அப்படிப்பட்டவன் நாஸ்டால்ஜியா பற்றிப் பேசப்போனால் எங்கேயிருந்து பேசுவது?

நினைவு தனி ஆளின் மண்டைக்குள் இருக்கிற பண்டம் இல்லை என்று மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இலேயே சொல்லிவிட்டார். (நாஜிகள் அவரை 1945இல் புகன்வால்ட் வதைமுகாமில் சாகவிட்டார்கள்.) குடும்பம், மதம், வர்க்கம் என்று நாம் சேர்ந்திருக்கிற குழுக்களின் சட்டகத்துக்குள் நின்றுதான் நினைவுகூர்கிறோம் என்பது அவர் வாதம். அதை நகரத்துக்குக் கொண்டுவந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் மார்க் ஓஜே. ஆப்பிரிக்காவில் கள ஆய்வு செய்த இந்த மானிடவியலாளர், 1986இல் தன் சொந்த நகரமான பாரிஸின் மெட்ரோவுக்குள் ஓர் இனவரைவியலாளராக இறங்கினார். மெட்ரோ வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தன் வாழ்க்கையின் ஒவ்வொரு காலகட்டமும் ஒரு தடத்தில், ஒரு மாறும் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். நிலையத்தின் பெயர்களோ ஆஸ்டர்லிட்ஸ், ஸ்டாலின்கிராட் என்று போர்க்களங்கள். அவரவர் சொந்தக் கதையும் அரசின் வரலாறும் ஒரே டிக்கெட்டில் பயணம் செய்கின்றன. இதை வாசித்தபோது எனக்கு வழி கிடைத்த மாதிரி இருந்தது. ஊர் இல்லாதவனுக்கு ரூட் இருக்கிறது.

29சியின் ரூட்டையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். பெரம்பூரில் ரயில்வே தொழிற்சாலைகளின் நிழலில் புறப்பட்டு, ஓட்டேரி, புரசைவாக்கம், ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு என்று போய் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் முடிகிறது. நகரத்தின் சாதி, வர்க்க வரைபடத்தை வடக்கிலிருந்து தெற்காக ஒரு கத்தியால் வெட்டிப் பார்த்த மாதிரி. விடிகாலை வண்டியில் வடக்கிலிருந்து ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தெற்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் போகிற பெண்கள். பூக்கூடை ஏறும். எட்டு மணிக்கு மேல் கல்லூரிக் கூட்டம். ஜெமினி தாண்டியதும் வண்டியின் வாசனையே மாறிவிடும். பேச்சின் சத்தம் ஒரு படி இறங்கும். அதே ஆட்கள்தான், அதே சீட்தான். ஆனால் புரசைவாக்கத்தில் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்த நான், மயிலாப்பூரில் காலை ஒடுக்கிக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது. நகரம் என்பது ஒருவன் உடம்புக்குள் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிற்பாடு படித்த எந்தத் தத்துவத்தையும்விட இந்த ஒன்றரை மணி நேரம் அதிகம் உதவியிருக்கிறது.

இனி அந்தப் பத்து ரூபாய் நோட்டு. வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர் கூட்டத்துக்குள் நீந்திவந்து ஒவ்வொருவரிடமும் காசு வாங்குவார். சென்னை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பின்படிக்குப் பக்கத்தில் தன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். அசைவது அபூர்வம். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டு விசிலுக்குப் போகும். முன்படியில் ஏறியவர் தன் காசை முன்னால் நிற்கிறவரிடம் கொடுத்து, “சார், ஒரு ஜெமினி” என்பார். அவர் அடுத்தவரிடம், “ஒரு ஜெமினி பாஸ் பண்ணுங்க.” இப்படி ஆறேழு கை மாறிக் காசு பின்னால் போகும். அதே கைகள் வழியாக டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் திரும்பி வரும். நடுவில் எவரும் எட்டணாவை எடுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கண்டக்டர் எழுந்துவராததற்குக் காரணம் ஒன்றும் உன்னதமானதில்லை. நெரிசல், அவருடைய வேலைச் சுமை, தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் இடையே காலப்போக்கில் படிந்துபோன ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பழக்கம் என்ன செய்தது என்று பாருங்கள். கையிலிருந்து கைக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்று வாழ்ந்த சமூகம் இது. தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினார்கள். கூலியைத் தரையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தார்கள். பல இடங்களில் பேப்பர் கப் என்ற பேரில் இன்றைக்கும் வைக்கிறார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் ஒவ்வொரு நாளும், பல லட்சம் தடவை, யார் கை என்று கேட்காமல் காசும் காகிதமும் வியர்வையும் கைமாறுகிற ஓர் இடம் இருந்தது. யாரும் புரட்சி செய்வதாக நினைத்துச் செய்யவில்லை. நினைத்திருந்தால் நடந்தேயிருக்காது. சமபந்தி போஜனத்துக்கு அமைச்சர் வர வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. என் ஏக்கம் தொங்குகிற கம்பி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நான் இழந்து தவிப்பது ஒரு சொந்தத்தை இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் எனக்குக் கிடைத்த ஒரு பங்கை.

இந்த இடம் வானத்திலிருந்தும் விழவில்லை. தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் ‘பஞ்சமரை’ ஏற்ற மறுத்த முதலாளிகள் உண்டு. சுயமரியாதை இயக்கத்தவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கிற பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. நல்லெண்ணம் திறக்கவில்லை, உரிமம் போய்விடும் என்கிற பயம் திறந்தது. பிற்பாடு 1940களின் கடைசியில் சென்னை நகர பஸ்கள் அரசின் கைக்கு வந்தன. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. அந்த உத்தரவும் இந்த நாட்டுடைமையும் இல்லாமல் என்னுடைய 29சி இல்லை. பஸ் ஏக்கத்துக்குள் ஒரு சட்ட வரலாறு ஒளிந்திருக்கிறது.

அதே சமயம் இதைத் தூக்கிப் பிடித்துக் கொண்டாடவும் எனக்குத் துணிவில்லை. அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் 1929இல் சாலிஸ்காவ்ன் ஊரில் நடந்த சம்பவம் ஒன்றை எழுதியிருக்கிறார். தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு போட்ட குழுவின் உறுப்பினராகப் போனவர் அவர். அவர் உட்கார்ந்த குதிரை வண்டியை ஓட்ட வண்டிக்காரர்கள் யாரும் முன்வரவில்லை. வண்டியை வாடகைக்குத் தருவார்களாம், ஓட்டமாட்டார்களாம். கடைசியில் ஓட்டத் தெரியாத சொந்த ஜனத்தில் ஒருவர் ஓட்ட, வண்டி பாலத்தில் கவிழ்ந்து அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. பாரிஸ்டரைவிட வண்டிக்காரன் தன்னை மேலானவனாக நினைத்தான், காரணம் வண்டிக்காரனுக்கு அவர் யார் என்று தெரிந்திருந்தது. சாதி முதன்மையாக ஒரு தகவல். 29சியில் நடந்தது சாதி ஒழிப்பு இல்லை, தகவல் துண்டிப்பு. கூட்டமும் வேகமும் சேர்ந்து அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத் தகவலை நிறுத்திவைத்தன. இறங்கிய இடத்தில் அது மறுபடி ஓட ஆரம்பிக்கும்: “தம்பிக்கு எந்த ஏரியா?” தகவல் துண்டிக்கப்படாத இடத்தில், அதாவது எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த கிராமத்துத் தடத்தில், பஸ் என்னவாகிறது என்பதற்கு மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) இருக்கிறது. தங்கள் ஊரில் நிற்காத ஒரு பஸ்ஸில் தொடங்குகிற கோபம் எங்கே போய் முடிகிறது என்பதுதான் படம். 1995இல் போலீஸ் புகுந்து சூறையாடிய கொடியங்குளத்தை அதில் பார்க்காதவர்கள் குறைவு. எங்களுக்கு நிற்காமல் போன பஸ்ஸைப் பற்றி நாஸ்டால்ஜியா எழுத முடியாது.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். வடசென்னைக்காரர், இருபது வருஷமாக டவுன் பஸ்தான். படித்துவிட்டு, “உனக்குக் கம்பி ஞாபகம் வருது, எனக்கு ஊக்குதான் ஞாபகம் வருது” என்றார். புடவை முந்தானையில் குத்திக்கொண்டு போகிற ஊக்கு, இடிக்கிறவனைக் குத்துவதற்கு. “கைமாறிக் கைமாறின்னு எழுதியிருக்கியே, அந்தக் கையெல்லாம் யாரு கைன்னு யோசிச்சியா? சில்லறையக் குடுக்கற சாக்குல வெரல அழுத்துற கையும் அதுல உண்டு.” தமிழ்ப் பத்திரிகைகள் இப்பேர்ப்பட்டவர்களுக்கு ‘இடிமன்னன்’ என்று செல்லப்பெயர் வைத்து நகைச்சுவைத் துணுக்காக்கின. தகவல் துண்டிப்பு ஆணுக்கு விடுதலையாகப்பட்ட அதே இடத்தில், பெண்ணுக்கு ‘யார் செய்தது என்று தெரியாது’ என்கிற ஆபத்தாகிறது. தலித் ஆணின் பொதுவெளி நினைவும் பெண்ணின் பொதுவெளி நினைவும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்தாலும் ஒரே பஸ்ஸைப் பற்றியவை இல்லை. தோழி இன்னொன்றும் சொன்னார்: “ஆனா அந்த பஸ் இல்லாட்டி நான் காலேஜுக்கே போயிருக்க மாட்டேன். ரெண்டையும் சேர்த்து எழுது.” எழுதிவிட்டேன்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை. இது வந்தபோது நம் நடுத்தர வர்க்க ஆண்கள் பேசிய பேச்சும், 2022இல் ஓர் அமைச்சர் மேடையிலேயே ‘ஓசி’ என்று சொன்னதும் இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ள விஷயங்கள் இல்லை. பாத்திரம் தேய்க்கப் போகிற பெண் தன் கூலியில் ஒரு பங்கை வழிச்செலவாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது யாரும் அதை மான அவமானமாகப் பார்க்கவில்லை. அது நின்றதும்தான் அவளுடைய தன்மானம் பற்றி எல்லாருக்கும் கவலை வந்தது. போகிற இடத்தை வீட்டில் காரணம் சொல்லாமல் ஒரு பெண் தீர்மானிக்க முடிவது என்பது சின்ன விஷயம் இல்லை. நாளைக்கு இந்தப் பெண்கள் எழுதப்போகிற ஊர் நினைவில் திண்ணைக்குப் பதில் முகப்பில் ரோஸ் பெயிண்ட் அடித்த பஸ் இருக்கலாம்.

பாய்ம் சொன்ன மீட்பு ஏக்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அது அரசாங்கத்தின் நம்பர் பிளேட்டுக்கு மேலேயே எழுதப்பட்டிருந்தது. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் – மன்னர்கள் செத்து நூற்றாண்டுகள் ஆன பிறகு டீசல் குடித்துக்கொண்டு மறுபடி ரோட்டில் ஓடினார்கள். உள்ளே டிரைவர் தலைக்கு மேல் வள்ளுவரும் குறளும். பொற்காலத்தை மக்கள் தினசரி ஏறி இறங்குகிற ஒன்றாக மாற்றியது திராவிட அரசியலின் சாமர்த்தியம். அதைக் கேலி செய்யவில்லை. பிறகு கட்டபொம்மன், பெரியார், அண்ணா என்று பெயர்கள் கூடின. 1994இல் பல்லவனைப் பிரித்து சென்னையில் டாக்டர் அம்பேத்கர் பெயரிலும் ஒரு கழகம் உண்டாயிற்று.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு அறிவித்தது. கட்டபொம்மனின் படையில் தளபதியாக இருந்தவராகப் போற்றப்படுகிறவர்; தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள் ஆதிக்க சாதியினர். தென்மாவட்டங்களில் கலவரம், தீவைப்பு, சாவுகள். முடிவில், அந்த ஆண்டு ஜூலையில், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிடுவது என்று அரசு தீர்மானித்தது. கட்டபொம்மன் பெயரில் 1974இலிருந்து பஸ் ஓடியது, எவருக்கும் உறுத்தவில்லை. கட்டபொம்மனுக்காகச் செத்தவனின் பெயர் வந்ததும் பெயர் என்பதே வேண்டாத சமாச்சாரமாகிவிட்டது. இதை ‘மதச்சார்பற்ற’, ‘நடுநிலையான’ தீர்வு என்று பாராட்டியவர்கள் இருந்தார்கள். எனக்கென்னவோ கிணற்றில் தலித் தண்ணீர் எடுத்துவிட்டான் என்று கிணற்றையே மூடிவிடுகிற தீர்ப்பாகத்தான் படுகிறது.

பெயரை எடுத்து இத்தனை வருஷமாகியும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘பல்லவன் பஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அம்பேத்கர் பெயரில் ஒரு கழகம் இருந்ததே என்று கேட்டால் முழிக்கிறார்கள். கூட்டு நினைவு எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கீழே போடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஹால்ப்வாக்ஸிடமும் இல்லை.

ரூட்டே ஊராகிவிடுகிற இன்னொரு கதையும் உண்டு. சென்னையின் அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் பையன்கள் தங்களை வகுப்பால் சொல்லிக்கொள்வதைவிட பஸ் ரூட்டால் சொல்லிக்கொள்வது அதிகம். ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு ‘ரூட்டு தல’. கூரையில் தாளம், கானா, பஸ் டே. 2019 ஜூனில் ஓடுகிற பஸ்ஸின் கூரையிலிருந்து பையன்கள் கொத்தாகச் சரிந்து விழுந்த காட்சியை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பத்திரிகைகளுக்கு இவர்கள் ரவுடிகள். குடிசைமாற்று வாரியக் குடியிருப்புகளிலிருந்தும் புறநகரிலிருந்தும் வருகிற, பெரும்பாலும் முதல் தலைமுறையாகக் கல்லூரி பார்க்கிற பையன்கள் இவர்கள் என்பதை அந்தச் செய்திகள் சொல்லவில்லை. ஊர் இல்லாதவர்கள் ரூட்டை ஊராக்கிக்கொள்கிறார்கள் என்று நான் மேலே எழுதியதற்கு இவர்கள்தான் நேரடி சாட்சி. ஆனால் ஊரானதும் அதற்கு எல்லை வந்துவிடுகிறது, எல்லை வந்ததும் கத்தி வருகிறது. ஒரு ரூட்டுப் பையனை இன்னொரு ரூட்டுப் பையன் வெட்டுகிறபோது இரண்டு பேருடைய தாத்தாக்களும் அநேகமாக ஒரே மாதிரியான காலனியிலிருந்து வந்திருப்பார்கள். இதை எந்த வகை ஏக்கத்தில் சேர்ப்பது என்று பாய்மைத்தான் கேட்க வேண்டும்.

சென்னையில் 2015இலிருந்து மெட்ரோ ஓடுகிறது. ஓஜேயே 1992இல் ‘இடமற்ற இடங்கள்’ என்று ஒன்றைப் பேசினார்: விமான நிலையம், நெடுஞ்சாலை, பெரிய கடைகள். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டாம், பலகைகளும் பதிவு செய்த குரல்களும் போதும். பாரிஸ் மெட்ரோவை நினைவின் இடமாக எழுதியவருடைய கருத்தாக்கம் சென்னை மெட்ரோவுக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. குளிர்ச்சியாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, தோழிக்கு ஊக்கு தேவைப்படுவதில்லை. அதையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதவில் அட்டையை வைத்தால் திறக்கிறது. நடுவில் ஒரு கையும் இல்லை. பஸ்ஸிலும் இப்போது க்யூஆர் வந்துவிட்டது. கை மறைவது பற்றி நான் அழப்போவதில்லை, தொழில்நுட்பத்தோடு சண்டைபோட்டு எழுத்தாளன் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்குக் கவலையெல்லாம் வேறு இடத்தில்.

சௌந்தரபாண்டியனின் உத்தரவுக்குப் பல் இருந்தது உரிமத்தால். நாட்டுடைமைக்குப் பல் இருந்தது பஸ்ஸும் டிரைவரும் கண்டக்டரும் அரசுடையதாக இருந்ததால். எந்தத் தடத்தில் நஷ்டம் வந்தாலும் ஓட்டியாக வேண்டும் என்று சட்டமன்றத்தில் கேட்க முடிந்தது, மறியல் செய்ய முடிந்தது. 2025இல் எங்கள் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. புகை இல்லை, சத்தம் இல்லை, நல்லது. ஆனால் பஸ்ஸும் டிரைவரும் ஒப்பந்த நிறுவனத்துடையது, கண்டக்டர் மட்டும் கழகத்துக்காரர். அதே 2025 ஜூனில் கிராமங்களுக்கான புதிய மினி பஸ் திட்டமும் வந்தது. அது தனியாருக்குப் பர்மிட் கொடுக்கிற திட்டம். பஸ்ஸே எட்டாத குடியிருப்புகளுக்குப் பஸ் போக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. இது மறுபடியும் உரிமத்தின் காலம் என்பதைத்தான் நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

மினி பஸ்ஸின் பர்மிட்டில் தடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எழுதியிருக்கும். கிராமத்தில் பஸ் திரும்புகிற இடம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் அது ஊர்ச் சாவடிக்கோ கோயிலுக்கோ முன்னால். அங்கிருந்து காலனி அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் இருக்கும். பிரசவ வலி வந்தவளும் பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் அந்த ஒரு கிலோமீட்டரை ஊர்த் தெரு வழியாக நடந்து வந்துதான் பஸ் ஏற வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு போட்டால் அந்தத் தட விவரம் கைக்குக் கிடைக்கும். உங்கள் மாவட்டத்தில் வண்டி எங்கே திரும்புகிறது என்று பார்த்து எழுதுங்கள்.